பள்ளி மணியும் கம்பெனி பஸ்ஸும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் பெற்றோரும் ஊர்ப் பள்ளியும்

சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடம் கூட்டுச்சாலையிலோ விடியற்காலையில் நின்று பார்த்தால், இந்த வட்டாரத்து வாழ்க்கை மூன்றாகப் பிரிந்து போவது தெரியும். முதலில் கம்பெனி பஸ்கள். ஏ ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, இரவு வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். அடுத்து மஞ்சள் வேன்கள். கிராமச் சாலைகளுக்குள் நுழைந்து, டை கட்டிய குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகும். எட்டு மணியளவில் மூன்றாவது கூட்டம் நடந்தே வரும். அக்கா தம்பியின் கையைப் பிடித்திருப்பாள். தம்பி இன்னும் தூக்கம் கலையாமல் இருப்பான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்கு நேரமாகிவிட்டது.

இந்த மூன்றாவது கூட்டத்தின் பெற்றோரிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. டீச்சர் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொள்கிறார் என்பார் ஒருவர். ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர், என்ன படிப்பு வரும் என்பார் அடுத்த வீட்டுக்காரர். பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறது, அது போதும் என்பார் இன்னொருவர். தமிழே தெரியாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்று தயங்குவார் பீகாரிலிருந்து வந்த தகப்பன். பள்ளி ஒன்றுதான், கட்டடமும் ஆசிரியரும்கூட ஒன்றுதான். ஆனால் அனுபவம் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

இதைப் பெற்றோரின் மனப்போக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு குடும்பம் எத்தனை காலமாக ஊரில் இருக்கிறது, எந்தத் தெருவில் வசிக்கிறது, எந்த ஷிப்டில் உழைக்கிறது, எந்த மொழி பேசுகிறது என்பவைதான் பள்ளியைப் பற்றிய அதன் அனுபவத்தை வடிவமைக்கின்றன. அந்த அனுபவங்களில் எது பள்ளி நிர்வாகத்தின் காதில் விழுகிறது, எது விழாமலே போகிறது என்பதைப் பொறுத்தே பள்ளியின் எதிர்காலம் அமைகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

கடம்பத்தூரிலிருந்து வந்த வழி

ஸ்ரீபெரும்புதூரும், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் கடம்பத்தூரும் முன்பு ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு 1958இல் அந்தக் கடம்பத்தூரில்தான் கூடியது. காமராசர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். தங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஊரார் பட்டியல் போட்டார்கள். மேசை, நாற்காலி, கரும்பலகை, சீருடை, கட்டட நிலம் என்று தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பித்தான் நடந்தது. அரசு பின்னர் பொறுப்பேற்றது.

ஊரார் அப்படி முன்வந்ததற்கு எளிய காரணம் உண்டு. அன்று பெரும்பாலான கிராமங்களில் வேறு பள்ளி கிடையாது. நிலக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் படிக்க வந்தால் அங்கேதான் வரவேண்டும். உட்காரும் இடத்தில் வேற்றுமை இருந்திருக்கலாம், ஆனால் கூரை ஒழுகினால் எல்லார் பிள்ளைகளும் நனைந்தார்கள். ஆகவே கூரையைச் சரிசெய்யும் செல்வாக்குள்ளவருக்கும் அதில் அக்கறை இருந்தது.

பிறகு 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பெரும்பாலான ஊர்களில் அது நிறைவேறியும் விட்டது. பள்ளியின் அருகாமை இன்று பெரிய சிக்கல் இல்லை. அருகில் இருக்கும் பள்ளிக்கு யார் பிள்ளைகள் போகிறார்கள் என்பதுதான் கேள்வியாக நிற்கிறது.

ஆலைகள் கொண்டுவந்தவர்களும் கொண்டுவராதவர்களும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் ராயல் என்ஃபீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலையும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கானும் அமைந்தன. மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஏரிப் பாசன ஊர்களை ஒட்டி விரிந்தன.

இவ்வளவு வேலை வந்த இடத்தில் ஊர்ப் பள்ளிகள் நிரம்பி வழியும் என்று நினைப்போம். பல ஊர்களில் அப்படி நடக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளர்களிலும் மேற்பார்வையாளர்களிலும் பெரும்பகுதியினர் பூந்தமல்லி, தாம்பரம், காஞ்சிபுரம் போன்ற இடங்களில் குடியிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்கள். செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் பக்கத்திலிருந்தும் தினமும் வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் படிப்பது அந்தந்த ஊர்களில்.

மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்களுக்காக வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட 18,720 பேருக்கான விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குழந்தைகள் இல்லாத குடியிருப்பு. திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு ஃபாக்ஸ்கான் எடுப்பதைத் தவிர்க்கிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அப்படிப் பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. எப்படியானாலும், இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய குடியிருப்பு முதலீடு குடும்பத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது யார்? நிலமில்லாத பூர்வ குடிகள். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்து ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் வேலை செய்யும் தாய்மார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், மேற்கு வங்கக் குடும்பங்கள். ஏரிக்கரை ஓரம் வாழும் இருளர் குடும்பங்கள். இவர்களில் யாரும் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. பள்ளியிடம் இவர்கள் எதிர்பார்ப்பதும் ஒன்றில்லை.

நேரமும் உணவும்

ஆலை வேலை மூன்று ஷிப்ட். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்ற கணக்கை ஒட்டியே பெரும்பாலான வீடுகள் நடக்கின்றன. தொடக்கப் பள்ளி காலை ஒன்பது மணிக்குமேல் தொடங்கி மாலை நான்கு மணியளவில் முடிகிறது. தகப்பன் ஏ ஷிப்டுக்குப் போய்விட, தாயும் ஏழு மணிக்கே கேன்டீன் வேலைக்குக் கிளம்பும் வீட்டில், ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஆறு வயதுப் பிள்ளையைப் பார்ப்பது யார்?

இந்த இடைவெளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்து நின்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது அது 1,545 பள்ளிகளுக்கானது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. முதல் கட்டத்தில் மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்த 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சேர்ந்து செய்த மாற்றம் இது. திட்டத்தைப் பசிப்பிணி மருந்தாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் காண்கிறார்கள். இந்த வட்டாரத் தாய்க்கு அது காலையில் ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தந்தது. பிள்ளை பள்ளியில் இருக்கிறது, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நிம்மதியோடு அவளால் வேலைக்குப் போக முடிந்தது.

மாலையில் அந்த நிம்மதி இல்லை. நான்கு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். பொது ஷிப்டில் போன தாய் வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். தாத்தா பாட்டி உள்ள பூர்வ குடும்பத்துக்கு இது பெரிய தொல்லையில்லை. வாடகை வீட்டுக் குடும்பத்துக்கோ இதுவே பெரிய கவலை. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாலை வகுப்புகள் பல வீடுகளுக்குப் பாடத்தோடு பாதுகாப்பையும் கொடுத்தன. வேனில் போகும் பிள்ளை மாலை ஐந்தரை வரை டியூஷனில் இருக்கிறது என்பதற்காகவே தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் உண்டு. அதை ஆங்கில மோகம் என்று சொல்லிவிடக்கூடாது. அவர்களுக்கு வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம்.

டீச்சரும் மிஸ்ஸும்

ஊர்ப் பள்ளியில் ‘டீச்சர்’. வேன் போகும் பள்ளியில் ‘மிஸ்’. ஒரே தெருவில் விளையாடும் இரண்டு பிள்ளைகள் இந்த ஒரு சொல்லாலேயே பிரிந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கும் இது ஓர் அந்தஸ்துச் சொல். சிப்காட்டுக்கு நிலம் போய் இழப்பீட்டுப் பணம் வந்த வீடுகளில், வீட்டுக்குத் தளம் போட்டதற்கு அடுத்தபடியாக நடந்த மாற்றம் பெரும்பாலும் பிள்ளையின் பள்ளி மாற்றம்தான். இனி விவசாயம் இல்லை, பிள்ளை கம்பெனிக்குள் கழுத்தில் அடையாள அட்டை போட்டுப் போகவேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆலையின் நேர்காணல் மேசையில் ஆங்கிலம் எப்படி மதிக்கப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் போடும் கணக்கு அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசும் அந்தக் கணக்கை உணர்ந்தது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கின. ஆனால் சிறிய பள்ளிகளில் தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், இரண்டு புத்தகங்களோடு உட்காருகிறார்கள். பெயரளவில் பிரிவு உண்டு, ஆசிரியர் இல்லை.

இன்னொரு காரணம் வயது. தனியார் மழலையர் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பள்ளியின் முதல் வகுப்புக்கு ஐந்து வயது ஆகவேண்டும். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பிள்ளை எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்துவிடுகிறது. சிநேகிதர்களும் சீருடையும் வேன் பழக்கமும் வந்தபின் அந்தப் பிள்ளையை ஊர்ப் பள்ளிக்குத் திருப்ப வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை. இதற்காகத்தான் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. மாநிலத்தில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்க, இது சிறு பகுதிதான். தாய்மார்கள் வேலைக்குப் போகும் தொழிற்சாலை வட்டாரத்தில் எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் இது முதலில் வந்திருக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. கட்டணத்தை அரசு கொடுக்கிறது. குலுக்கலில் இடம் கிடைத்த வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் வாங்கத் தெரிந்த, விவரமுள்ள ஏழைப் பெற்றோர்தான் இதில் முந்துகிறார்கள். ஊர்ப் பள்ளிக்காகக் குரல் கொடுக்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் இப்படியும் விலகிப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 1 என்னும் நாள்

‘ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்’ என்ற குறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. காகிதத்தில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். 45 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இருவரும் மாறிமாறி ஐந்து வகுப்புகளையும் பார்க்கவேண்டும். அவர்களில் ஒருவரே தலைமை ஆசிரியர். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், பயிற்சி, விலையில்லாப் பொருள் வாங்கிவருதல் என்று அவர் வெளியே போகும் நாளில் பள்ளி முழுவதும் ஒருவர் கையில்.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் அடுத்த ஆண்டு இன்னும் சில பெற்றோர் வேனைத் தேடுவார்கள். இந்தச் சுழல் தமிழகம் எங்கும் உள்ளதுதான். இந்த வட்டாரத்தில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுகிறது. ஊருக்கு நிலையான மக்கள்தொகை உள்ள இடத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தும். இங்கே ஒப்பந்தம் முடிந்தால் வீடு மாறுகிறது. புதிய ஆலைக்குக் கட்டுமானம் தொடங்கினால் தீபாவளிக்குப் பின் நூறு குடும்பம் வந்து இறங்கும். செங்கல் சூளைக்குப் பொங்கலையொட்டி வருபவர்கள் கோடை முடிவில் போய்விடுவார்கள். இவர்கள் பிள்ளைகளைப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. சேர்க்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் இவர்களுக்கான ஆசிரியர் கணக்கில் வருவதே இல்லை. ஆகஸ்டில் 58 பிள்ளைகள் இருந்த பள்ளி ஜனவரியில் 80 பிள்ளைகளோடும் அதே இரண்டு ஆசிரியர்களோடும்தான் நடக்கவேண்டும்.

பழைய பெற்றோர் இதைக் கண்டு வகுப்பில் கூட்டம் என்று முகம் சுளிக்கிறார்கள். புதிய பெற்றோர் தங்கள் பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை என்று வருந்துகிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே தேதி.

தெருவும் மொழியும்

ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்து கிடப்பது இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கும் உண்டு. இழிவின் அடையாளமாகிவிட்ட ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. பேச்சிலிருந்து அது அவ்வளவு எளிதில் போகாது. வசதியுள்ள சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் வேனுக்கு மாறியபின், பள்ளியில் மிஞ்சுவது பெரும்பாலும் தலித் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும்தான். உடனே அந்தப் பள்ளிக்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயரைக் கேட்டுத் தயங்கும் பெற்றோர் பாடம் எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்ப்பதே இல்லை.

சாதி, பள்ளிச் சமையலறை வரை வரும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை கண்டிருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரே பள்ளியைப் பற்றி இரண்டு தெருக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவதில் எவ்வளவு படிப்பைப் பற்றியது, எவ்வளவு சாதியைப் பற்றியது என்று பிரித்தறியாமல் பெற்றோர் கருத்தைப் பதிவு செய்வது ஆய்வாகாது.

மற்றொரு கோடியில் இருக்கிறது மொழி. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். வடமாநிலப் பெற்றோரில் பலர் இதை வரவேற்கிறார்கள். இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்குத் தமிழ் பேசும் பிள்ளை பெரிய துணை. சில மாதங்களில் மளிகைக் கடையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பது அந்த எட்டு வயதுப் பிள்ளைதான். அடுத்த ஆண்டே ஊர் திரும்பும் குடும்பத்துக்கோ பிள்ளை ஒடியாவும் சரியாக எழுதாமல், தமிழும் பிடிபடாமல் நிற்கிறதே என்ற கவலை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியாப் பாடநூல்களையும் ஒடியா பேசும் ஆசிரியர்களையும் கொண்டு வகுப்புகள் நடத்தப்பட்டது இந்தக் கவலைக்குச் சொல்லப்பட்ட நல்ல பதில். அந்த அனுபவம் ஒரகடத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது சட்டத்தின் 14ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கவேண்டும் என்கிறது 5ஆவது பிரிவு. கட்டண பாக்கிக்காகத் தனியார் பள்ளி டி.சி.யை நிறுத்திவைக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. இவற்றையெல்லாம் அறியாததால் இருளர் பெற்றோரும் வேலை இழந்து வேன் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பும் பெற்றோரும் பள்ளி வாசலில் தயங்கி நிற்கிறார்கள்.

அளந்து பார்த்தால்

பெற்றோர் அனுபவம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைகள் உண்மையில் கற்கிறார்களா? பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு ஊரகக் குழந்தைகளை வீட்டில் சந்தித்து வாசிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் ஐந்து பேருக்கும் குறைந்தார்கள். கசப்பான எண் இது. ஆனால் இதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம். தமிழ் வாசிப்பில் வேன் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை மிஞ்சவில்லை என்பதும் 2018 அசர் தரவில் தெரிந்தது.

ஆந்திரத்தில் 180 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குலுக்கல் மூலம் சில குடும்பங்களுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளையும் குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015இல் வெளியிட்ட முடிவுப்படி, தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகள் இந்தியில் மேலாக இருந்தன. ஒரு பிள்ளைக்கு அவை செலவிட்டதோ அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு தரப்புக்கும் இதில் பாடம் உண்டு. வேன் ஏறியதாலேயே படிப்பு வந்துவிடாது. அரசு அதிகம் செலவழிப்பதாலேயும் வந்துவிடாது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் கலந்திருக்கும் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான முறை அது. ஆனால் ரேங்க் கார்டும் தினமும் நாலு பக்க வீட்டுப்பாடமும்தான் படிப்பு என்று வளர்ந்த பெற்றோருக்கு, பாட்டும் அட்டையுமாக இருக்கும் வகுப்பு விளையாட்டாகத் தெரிகிறது. பள்ளிக்குள் நடக்கும் நல்லதும் விளக்கிச் சொல்லப்படாவிட்டால் குறையாகவே வெளியே போகிறது.

போகிறவர்களும் பேசாதவர்களும்

ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது அதைப் பயன்படுத்துவோருக்கு இரண்டு வழி உண்டு: விட்டுப் போவது, அல்லது இருந்து குரல் கொடுப்பது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய துறைகளில் பொதுப் பள்ளியும் ஒன்று. தரத்தில் அதிக அக்கறை உள்ள பெற்றோரே முதலில் வெளியேறுகிறார்கள். எதிர்த்துக் கேட்டுச் சரிசெய்யக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்கள் போனபின் பள்ளியைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

கடம்பத்தூர் காலத்தில் வெளியேற வழி இல்லை. ஆகவே குரல் இருந்தது. இன்று வழி திறந்திருக்கிறது. 2011இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது நாடே வியந்து செய்தி போட்டது. ஓர் அதிகாரி தம் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது செய்தியாகும் அளவுக்கு அரிதாகிவிட்டது என்பதையும் அந்த வியப்பே சொன்னது.

மிஞ்சியிருப்பவர்கள் குரல் கொடுக்கச் சட்டம் ஓர் அவையை அமைத்திருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி இந்தக் குழுக்களை மறுசீரமைக்கும் பணி தொடங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகும் பெற்றோரும் திரளாக வந்தார்கள். ஆனால் மாதக் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளின் பிற்பகலில் நடக்கிறது. பி ஷிப்டுக்காரர் அப்போது ஆலைக்குள் இருப்பார். ஏ ஷிப்ட் முடித்தவர் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். பொது ஷிப்டுத் தாய்க்கு ஒரு நாள் விடுப்பு என்றால் சம்பளப் பிடித்தமும் வருகைக்கான ஊக்கத்தொகை இழப்பும். ஆகவே வேலைக்குப் போகாத, பல தலைமுறையாக ஊரில் இருக்கும் சிலர் வருகிறார்கள். வாடகை வீட்டாரும் வடமாநிலத்தாரும் குழுவில் இருந்தாலும் கையெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். பள்ளியை அதிகம் நம்பியிருப்பவர்களின் அனுபவமே கூட்டத்தில் குறைவாகப் பேசப்படுகிறது.

செய்யக்கூடியவை

இந்த வட்டாரத்துப் பெருநிறுவனங்கள் 2014 முதல் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. வகுப்பறைக்கு வர்ணமும் கழிப்பறையும் ஸ்மார்ட் போர்டும் அந்தப் பணத்தில் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் இங்குள்ள பெற்றோருக்கு ஆலைகள் தரக்கூடிய மிகப் பெரிய கொடைக்கு அதிகச் செலவில்லை. மாதம் ஒருமுறை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக உள்ள தொழிலாளிக்குச் சம்பளப் பிடித்தமில்லாத இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றுபோலக் கொடுக்கவேண்டும்.

கல்வித் துறை செய்யவேண்டியவை மூன்று. இத்தகைய இடங்களில் குழுக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றலாம். ஆகஸ்ட் 1 கணக்கோடு ஜனவரியில் ஒரு மறு கணக்கு எடுத்து, கூடிய பிள்ளைகளுக்குத் தற்காலிக ஆசிரியரைத் தரலாம். காலை உணவைப்போல மாலை ஆறரை வரை பிள்ளைகள் பள்ளியிலேயே பாதுகாப்பாக இருக்கும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பது தெரிந்ததுதான். 2024–25இல் சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு விடுவிக்காததன் வலியைச் சிறிய பள்ளிகளே அதிகம் தாங்குகின்றன. அந்த நியாயமான சண்டை நடக்கும்போதே இந்தச் சிறு மாற்றங்களையும் செய்யமுடியும்.

சிப்காட் புதிய பூங்காவுக்கு வரைபடம் போடும்போது சாலை, மின்நிலையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று இடம் குறிக்கிறது. விடுதிக்கும் இடம் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதே வரைபடத்தில் ஓர் அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் இடம் குறிக்கவேண்டும்.

ஊர்ப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வேனில் அனுப்புவது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் தாத்தா நிலம் கொடுத்து, உங்கள் அப்பா படித்த பள்ளி அது. ஒரு முறை உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வாடகை வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேசத் தயங்கினால் அவருக்காக நீங்கள் பேசுங்கள். அவர் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தால், அந்த வகுப்பில் உட்காரும் உங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் அவர்தான் ஆசிரியர்.